தோற்ற சோதனை சொல்லும் செய்தி

திறந்த மூல மென்பொருளின் மூலநிரலை இணையத்திலிருந்து இறக்கி, லினக்ஸ் கணினியில் தாமே தொகுத்துப் பயன்படுத்த முயலும் மாணவர்கள் இன்று சிற்றூர்க் கல்லூரிகளிலும் இருக்கிறார்கள். தொகுப்பு வேலை தடையின்றி முடிகிறது. அடுத்து, மென்பொருளோடு சேர்ந்து வந்த சோதனைகள் ஓடுகின்றன. ஆயிரம் சோதனைகளில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது தேறுகின்றன, ஒன்று தோற்கிறது. இந்த இடத்தில் பலரும் தேடுவது, சோதனைகளைத் தவிர்த்துவிட்டு மென்பொருளை நிறுவும் கட்டளையைத்தான். ‘ஆயிரத்தில் ஒன்றுதானே’ என்பது அதற்கான சமாதானம்.

இந்தச் சமாதானம் எவ்வளவு தூரம் சரி? கணினித் துறையினர் மட்டும் விடை காண வேண்டிய கேள்வி அன்று இது. ஓய்வூதியக் கணக்கும் நிலப் பட்டாவும் தேர்வு முடிவும் பொருளாதாரப் புள்ளிவிவரமும் மென்பொருளின் வழியாகவே நம்மை வந்தடைகின்றன. அந்த மென்பொருள் சரியாக வேலை செய்கிறதா என்பதற்கு நம்மிடம் உள்ள நேரடிச் சான்று அதன் சோதனைகளே. அவற்றுள் ஒன்று தோற்கும்போது அது ஒரு செய்தியைச் சொல்கிறது. அந்தச் செய்தியைப் படிக்கக் கற்பது, மென்பொருளை இலவசமாகப் பெறுவதைவிட மதிப்பு மிக்கது.

தராசும் படிக்கல்லும்

மூலநிரல் என்பது மனிதர் படிக்கக்கூடிய வடிவில் எழுதப்பட்ட கட்டளைகளின் தொகுதி. அதைக் கணினி இயக்கக்கூடிய வடிவத்துக்கு மாற்றுவதே தொகுத்தல். திறந்த மூல மென்பொருளில் மூலநிரல் எல்லோருக்கும் கிடைக்கிறது. யாரும் படிக்கலாம், திருத்தலாம், தம் கணினியிலேயே தொகுக்கலாம். ஒரு பெரிய மென்பொருள் ஆயிரக்கணக்கான சிறுசிறு செயல்கூறுகளால் ஆனது. ஒவ்வொரு கூறையும் தனியே எடுத்து, விடை முன்பே தெரிந்த ஒரு கணக்கைக் கொடுத்து, எதிர்பார்த்த விடை வருகிறதா என்று பார்ப்பதே யூனிட் டெஸ்ட் என்று அழைக்கப்படும் அலகுச் சோதனை.

முந்திரியும் மணிலாவும் விளையும் எங்கள் பகுதி விவசாயிகளுக்கு இது புதிய கருத்து அன்று. மூட்டையை எடை போடுவதற்கு முன் தராசில் முத்திரையிட்ட படிக்கல்லை வைத்துப் பார்ப்பது வழக்கம். பத்துக் கிலோ கல்லை வைத்தால் தராசு பத்து என்று காட்ட வேண்டும். ஒன்பதே முக்கால் என்று காட்டினால் மூன்று காரணங்கள் இருக்கலாம். தராசு பழுதாக இருக்கலாம். படிக்கல் தேய்ந்திருக்கலாம். இரண்டும் சரியாக இருந்து, தராசு நிற்கும் தரை சாய்வாக இருக்கலாம்.

தோற்ற அலகுச் சோதனைக்கும் காரணங்கள் இந்த மூன்றுக்குள் அடங்கும். நிரல் தவறாக இருக்கலாம், அது தராசு. சோதனையே தவறாக எழுதப்பட்டிருக்கலாம், அது படிக்கல். நிரல் ஓடும் சூழல் வேறாக இருக்கலாம், அது தரை. இந்த மூன்றில் எது என்று பிரித்தறிவதே பழுது தேடும் கலையின் முழுச் சாரம். சோதனையைத் தவிர்த்து நிறுவுபவர், படிக்கல்லைத் தூக்கி எறிந்துவிட்டு எடை போடுகிறார்.

பொருளியல் கற்றுக்கொண்ட பாடம்

கணக்கிடும் கருவியைச் சோதிக்காமல் நம்பியதன் விலையைப் பொருளியல் துறை நன்கறியும். 1967இல் அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் அமைப்பைச் சேர்ந்த ஜேம்ஸ் லாங்லி, அந்நாட்டின் 1947 முதல் 1962 வரையிலான பதினாறு ஆண்டுப் பொருளாதாரத் தரவுகளை எடுத்துக்கொண்டார். அன்று புழக்கத்தில் இருந்த கணினி நிரல்கள் அவற்றுக்குத் தந்த தொடர்புப்போக்கு விடைகளைக் கையால் கணக்கிட்ட விடைகளோடு ஒப்பிட்டார். ஒரே தரவு, ஒரே வாய்பாடு; ஆனால் நிரலுக்கு நிரல் விடை மாறியது. மாறிகள் ஒன்றோடொன்று மிக நெருங்கிய தொடர்பு கொண்டவையாக இருந்ததால், இடைக்கணக்கில் நேர்ந்த சிறு முழுமையாக்கல் பிழைகள் விடையில் பூதாகரமாகப் பெருகின. லாங்லியின் அந்தத் தரவு இன்று ஒரு படிக்கல். அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் அதற்குச் சான்றளிக்கப்பட்ட விடைகளை வெளியிட்டிருக்கிறது. உலகம் முழுவதும் ஆய்வாளர்கள் பயன்படுத்தும் ‘ஆர்’ என்னும் திறந்த மூலப் புள்ளியியல் மென்பொருளிலும் அத்தரவு உள்ளடங்கியே வருகிறது.

அண்மைக் காலச் சான்றும் உண்டு. 2010இல் கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் ஆகிய இரு பொருளியலாளர்கள், அரசின் கடன் நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி சரிகிறது என்ற முடிவை வெளியிட்டனர். அத்தகைய நாடுகளின் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதம் என்றது அவர்கள் கணக்கு. சிக்கன நடவடிக்கைகளை ஆதரித்தவர்கள் பல நாடுகளில் அதை மேற்கோள் காட்டினர். 2013இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் தாமஸ் ஹெர்ண்டன், மைக்கேல் ஆஷ், ராபர்ட் போலின் என்ற இரு பேராசிரியர்களோடு சேர்ந்து அந்தக் கணக்கை மறுபடி செய்து பார்த்தார். எக்செல் தாளில் ஒரு வாய்பாடு ஐந்து நாடுகளை விட்டுவிட்டிருந்தது. தரவுத் தேர்வையும் சராசரி எடுத்த முறையையும் அவர்கள் குறை கூறினர். எல்லாவற்றையும் திருத்தியபோது சராசரி வளர்ச்சி 2.2 சதவீதம் என்று வந்தது. அந்தத் தாளில், ‘பட்டியலில் உள்ள எல்லா நாடுகளும் கணக்கில் சேர்ந்தனவா’ என்று கேட்கும் ஒரே ஒரு சிறு சோதனை இருந்திருந்தால், வாய்பாட்டுப் பிழை அன்றே அகப்பட்டிருக்கும்.

‘ஆர்’ மென்பொருளை மூலநிரலிலிருந்து தொகுப்பவருக்கு அதன் நிறுவல் கையேடு சொல்வது இங்கே கருதத்தக்கது. தொகுத்து முடித்ததும் சோதனைக் கட்டளையை இயக்கச் சொல்கிறது கையேடு. ஏதேனும் தோற்றால் அது பழுதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, கணினியில் ஏதோ ஒரு வசதி இல்லாததாலும் நேரலாம். ஆயினும் வேறுபாடுகளைக் கவனமாகப் பாருங்கள் என்கிறது. பதற்றமும் வேண்டா, அலட்சியமும் வேண்டா என்னும் இந்த நடுநிலையே சரியான தொடக்கம்.

முதலில் படிக்க வேண்டும்

சோதனை தோற்றதும் திரையில் நூற்றுக்கணக்கான வரிகள் ஓடும். மாணவர் பார்ப்பது கடைசி வரியை. அது பெரும்பாலும் ‘பிழை ஏற்பட்டதால் நிறுத்தப்பட்டது’ என்ற அளவில்தான் இருக்கும். பயனுள்ள வரி மேலே, முதல் பிழை தோன்றிய இடத்தில் இருக்கிறது. பின்னால் வருபவை பல நேரம் அந்த முதற்பிழையின் விளைவுகளே. பல மென்பொருள்கள் சோதனை விவரங்களைத் தனிப் பதிவுக் கோப்பில் எழுதி வைக்கின்றன. அதைத் திறந்து முதற்பிழையைக் கண்டுபிடிப்பதே முதல் வேலை.

அங்கே இரண்டு மதிப்புகளைத் தேட வேண்டும்: சோதனை எதிர்பார்த்தது என்ன, நிரல் தந்தது என்ன. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டின் வடிவமே பாதி நோயைச் சொல்லிவிடும். வேறுபாடு பதினாறாம் தசம இடத்தில் என்றால் அது துல்லியப் பிரச்சினை. சரியாக முப்பது நிமிடம் என்றால் நேர மண்டலம். காற்புள்ளியின் இடம் மட்டும் மாறியிருந்தால் வட்டார அமைப்பு. கோப்பு இல்லை என்றால் துணை நூலகமோ தரவோ நிறுவப்படவில்லை.

அடுத்து, தோற்ற சோதனையைத் தனியே ஓட்டிப் பார்க்க வேண்டும். தனியே ஓடும்போது தேறி, கூட்டத்தோடு ஓடும்போது தோற்றால், முன்னால் ஓடிய வேறொரு சோதனை ஏதோ ஒரு கோப்பையோ அமைப்பையோ மாற்றிவிட்டுச் சென்றிருக்கிறது. அல்லது ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு சோதனைகள் ஒரே கோப்புக்காக மோதுகின்றன. பத்து முறை ஓட்டினால் ஒருமுறை மட்டும் தோற்கும் சோதனைகளும் உண்டு. தற்செயல் எண்களைச் சரிபார்க்கும் சோதனைகள் இயல்பாகவே அப்படிப்பட்டவை. ‘ஆர்’ மென்பொருளின் சோதனைத் தொகுதியில் அத்தகைய ஒரு பகுதி, சில நேரங்களில் தோற்கும் என்ற குறிப்போடுதான் ஓடுகிறது. ஐந்து சதவீத முக்கியத்துவ மட்டத்தில் நூறு முறை சோதித்தால் ஐந்து முறை பொய் எச்சரிக்கை வருவது எதிர்பார்க்கத்தக்கதே என்று புள்ளியியல் படித்த எவரும் அறிவர். ஆனால் தற்செயலுக்கு இடமே இல்லாத கணக்கில் விடை முறைக்கு முறை மாறினால், அதைப் புள்ளியியலின் தலையில் கட்டக் கூடாது.

மூன்றாவது விதி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. மற்றவை மாறாதிருக்க, ஒன்றை மாற்றினால் என்ன ஆகும் என்று பார்ப்பது பொருளியல் மாணவருக்குப் பழகிய முறைதான். நூலகத்தையும் புதுப்பித்து, அமைப்பையும் மாற்றி, புதிய பதிப்பையும் இறக்கியபின் சோதனை தேறினால் நோய் போய்விடும். எது மருந்து என்பது தெரியாது.

தரை சாய்வாக இருந்தால்

நம் நாட்டு மாணவர்களுக்குச் சூழலால் வரும் தோல்விகள் சிலவற்றைத் தனியே சொல்ல வேண்டும். இந்திய நேரம், உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் முந்தியது. நேர வேறுபாடு எப்போதும் முழு மணிக்கணக்கில்தான் இருக்கும் என்று எண்ணி எழுதப்பட்ட நிரல், ஐரோப்பாவிலும் அமெரிக்காவின் பெரும்பகுதியிலும் தேறி, கடலூர் மாவட்டத்தில் தோற்கும். இலங்கையின் நிலை இன்னும் சுவையானது. அந்நாடு 1996 மே மாதம் தன் கடிகாரத்தை ஆறரை மணி நேர வேறுபாட்டுக்கும், அதே ஆண்டு அக்டோபரில் ஆறு மணி நேர வேறுபாட்டுக்கும் மாற்றியது. 2006 ஏப்ரலில் மீண்டும் ஐந்தரைக்குத் திரும்பியது. ஆகவே கொழும்பின் 2005ஆம் ஆண்டு நேரத்தை இன்றைய வேறுபாட்டை வைத்துக் கணக்கிடும் நிரல் அரை மணி பிழைபடும். கணினியில் உள்ள நேர மண்டலத் தரவுத்தளம் பழையதாக இருந்தாலும் இத்தகைய பிழை வரும்.

எண்களை எழுதும் முறை இன்னொன்று. லினக்ஸில் வட்டார அமைப்பை இந்தியா என்று வைத்தால், பன்னிரண்டு லட்சத்து முப்பத்து நான்காயிரத்து ஐந்நூற்று அறுபத்தேழு என்ற எண் 12,34,567 என்று அச்சாகும். சோதனையை எழுதியவர் மேலை நாட்டு முறைப்படி 1,234,567 என்பதை எதிர்பார்த்திருப்பார். எண் ஒன்றே, எழுத்துச் சரம் வேறு. சோதனை தோற்கும்.

மூன்றாவது, நிர்வாகியாக நுழைந்து தொகுப்பது. படிக்க அனுமதி இல்லாத கோப்பைத் திறக்க முயன்றால் நிரல் மறுக்கிறதா என்று பார்க்கும் சோதனைகள் பல மென்பொருள்களில் உண்டு. லினக்ஸில் ரூட் என்னும் நிர்வாகிக்கு எல்லாக் கோப்புகளும் திறக்கும். எனவே ரூட்டாக ஓட்டினால் மறுப்பு வராது, சோதனை தோற்கும். சாதாரணப் பயனராக ஓட்டினால் தேறும். இங்கே நிரலிலும் குறை இல்லை, சோதனையிலும் குறை இல்லை.

சூழல்தான் காரணமா என்பதை உறுதி செய்வது எளிது. நேர மண்டலத்தை உலகப் பொது நேரத்துக்கும், மொழி அமைப்பை லினக்ஸின் அடிப்படை அமைப்புக்கும் தற்காலிகமாக மாற்றி, சாதாரணப் பயனராக அந்த ஒரு சோதனையை மட்டும் ஓட்ட வேண்டும். ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும். எந்த மாற்றத்தில் சோதனை தேறுகிறதோ அங்கே காரணம் இருக்கிறது.

ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. நேரத்தை மாற்றியதும் சோதனை தேறியது என்பது நோயறிதல்தான், சிகிச்சை அன்று. இந்திய நேரத்தில் தவறான விடை தரும் நிரல், இந்தியருக்குத் தவறான விடை தரும் நிரல். ‘அங்கே சரியாக ஓடுகிறது, உங்கள் கணினியில்தான் கோளாறு’ என்ற பதிலை ஏற்றுக்கொண்டு, நம் கணினியை லண்டன் நேரத்துக்கு மாற்றி வைப்பது தீர்வாகாது. தரை சாய்வு என்று தோன்றுவது பல நேரங்களில், நம் தரையில் நிற்கத் தெரியாத தராசின் குறைதான்.

படிக்கல் தேய்ந்திருந்தால்

சோதனையே தவறாக இருக்கும் நிலைக்குச் சிறந்த உதாரணம் தசம எண்கள். கணினி எண்களை இரும முறையில் சேமிக்கிறது. 0.1 என்ற எண்ணை இரும முறையில் முடிவுறு வடிவில் எழுத இயலாது. மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் எழுதி முடிக்க இயலாததைப் போல. ஆகவே கணினியில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். விடை சரியாக 0.3 தானா என்று கேட்கும் சோதனை தோற்பது இயல்பு. அனுமதிக்கத்தக்க வேறுபாட்டின் அளவைச் சொல்லி, அதற்குள் விடை இருக்கிறதா என்று கேட்பதே முறையான சோதனை.

கூட்டும் வரிசை மாறினாலும் இத்தகைய எண்களின் கடைசி இலக்கங்கள் மாறும். பழைய 32 பிட் இன்டெல் கணினிகள் இடைக்கணக்குகளை 80 பிட் துல்லியத்தில் வைத்திருந்தன. இன்றைய 64 பிட் கணினிகள் வழக்கமாக 64 பிட்டில் வைக்கின்றன. ஒன்றில் எழுதிய சோதனை மற்றொன்றில் தோற்பதற்கு இதுவே போதும். அப்போது அனுமதிக்கத்தக்க வேறுபாட்டைத் தளர்த்தலாம். ஆனால் எவ்வளவு தளர்த்துவது என்பதற்குக் காரணம் வேண்டும். சோதனை தேறும்வரை தளர்த்திக்கொண்டே போவது, எடை சரியாக வரும்வரை படிக்கல்லைச் செதுக்குவதற்குச் சமம்.

குள்ளஞ்சாவடியில் எத்தனை எழுத்துகள்?

நிரலே தவறு என்னும் மூன்றாம் நிலைக்கு நான் வாழும் ஊரின் பெயரே உதாரணமாகப் போதும். ‘குள்ளஞ்சாவடி’ என்ற சொல்லில் எத்தனை எழுத்துகள்? கு, ள், ள, ஞ், சா, வ, டி என்று ஏழு என்பார் தொடக்கப் பள்ளிப் பிள்ளை. யூனிகோட் என்னும் ஒருங்குறி முறையில் கணினி இதைப் பன்னிரண்டு குறியீடுகளாகச் சேமிக்கிறது. உயிர்க்குறிகளும் புள்ளிகளும் தனித்தனிக் குறியீடுகள். கோப்பில் எழுதும்போது பரவலாகப் பயன்படும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட்டுகள், ஆக முப்பத்தாறு. ஏழு, பன்னிரண்டு, முப்பத்தாறு என்ற மூன்று விடைகளில் எதை ‘நீளம்’ என்று கொள்வது? ஆங்கில எழுத்துகளை மட்டும் எண்ணி எழுதப்பட்ட நிரலில் மூன்றும் ஒன்றே என்பதால் அதை எழுதியவருக்கு இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. பெயருக்கு இருபது பைட்டு இடம் ஒதுக்கிய நிரல், எங்கள் ஊர்ப் பெயரைப் பாதியில் வெட்டும். வெட்டு ஒரு குறியீட்டின் நடுவே விழுந்தால் கடைசியில் பொருளற்ற சின்னம் தோன்றும்.

இதைவிட நுட்பமானது ‘கொள்ளிடம்’. முதல் எழுத்தான ‘கொ’வை ஒருங்குறியில் இரு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒன்று. எகரக் கொம்பையும் துணைக்காலையும் இரு குறியீடுகளாகச் சேர்ப்பது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். முதல் முறையில் சொல்லுக்கு ஒன்பது குறியீடுகள், இரண்டாம் முறையில் பத்து. இரண்டும் சமம் என்று ஒருங்குறித் தரமே வரையறுத்து, அவற்றை ஒரே வடிவாக்கும் முறையையும் தந்திருக்கிறது. அந்த இயல்பாக்கத்தைச் செய்யாமல் ஒப்பிடும் நிரல், கொள்ளிடமும் கொள்ளிடமும் வேறு வேறு என்று தீர்ப்பளிக்கும். அப்போது சோதனை தோற்று, ‘எதிர்பார்த்தது கொள்ளிடம், வந்தது கொள்ளிடம்’ என்று திரையில் காட்டும். மாணவர் குழம்பி, சோதனைதான் பைத்தியம் என்று முடிவு செய்வார். கண்ணால் பார்ப்பதை விடுத்து, இரு சரங்களின் குறியீட்டு எண்களையும் அச்சிட்டுப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் விளங்கும்.

எங்கள் மாவட்டத்திலேயே உள்ள ‘ஸ்ரீமுஷ்ணம்’ இன்னும் கடினம். ஸ்ரீ என்னும் வடிவத்தை ஸகரத்தைக் கொண்டும் எழுதலாம். ஒருங்குறியில் 2005இல் சேர்க்கப்பட்ட ஶகரத்தைக் கொண்டும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். ஆனால் இவை சமம் என்று ஒருங்குறித் தரம் வரையறுக்கவில்லை. இயல்பாக்கம் இங்கே உதவாது. நிரல் எழுதுபவர் தனியே கவனித்தாக வேண்டும். ஓர் அலுவலகப் பதிவேட்டில் ஒரு விதமாகவும், மற்றோர் அலுவலகப் பதிவேட்டில் வேறு விதமாகவும் பதிந்த ஒரே பெயர், கணினியின் பார்வையில் இரு வேறு மனிதர்களாகிவிடும். உதவித்தொகைக்கு விண்ணப்பித்த மூதாட்டியிடம் ‘பெயர் பொருந்தவில்லை’ என்று சொல்லும் திரைக்குப் பின்னால் இத்தகைய ஒரு வழு இருக்கக்கூடும். அவருக்கு அதை விளக்கவும் யாராலும் இயலாது. ஏனெனில் தாளில் அச்சிட்டால் இரண்டும் ஒன்றே.

தமிழுக்கென எழுதப்பட்ட திறந்த மூலக் கருவிகள் இவற்றுக்கு விடை தேடியிருக்கின்றன. பைதான் மொழியில் எழுதப்பட்ட ஓப்பன்-தமிழ் நூலகம், ஒரு சரத்தைக் குறியீடுகளாக அன்றித் தமிழ் எழுத்துகளாகவே பிரித்துத் தருகிறது. அதன் மூலநிரலோடு சோதனைகளும் வருகின்றன. அலகுச் சோதனை எப்படி இருக்கும் என்று தமிழ் மாணவர் அறிய, அவற்றைப் படிப்பது நல்ல தொடக்கம்.

எப்போது கெட்டது?

நேற்றுவரை தேறிய சோதனை இன்று தோற்கிறது என்றால், இடையில் வந்த மாற்றங்களுள் ஒன்றுதான் காரணம். திறந்த மூலத் திட்டங்களில் ஒவ்வொரு மாற்றமும் வரலாறாகப் பதிவாகிறது. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய கிட் என்னும் பதிப்பாண்மைக் கருவி இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. இடையே ஆயிரம் மாற்றங்கள் இருந்தாலும் ஆயிரத்தையும் சோதிக்க வேண்டியதில்லை. நடுவில் உள்ளதை எடுத்துச் சோதிக்க வேண்டும். அது தேறினால் பழுது பிற்பாதியில், தோற்றால் முற்பாதியில். இப்படிப் பாதிபாதியாகக் குறைத்தால் ஏறத்தாழப் பத்துச் சோதனைகளில் குற்றவாளி மாற்றம் அகப்படும். இந்தத் தேடலைத் தானாகவே நடத்தும் வசதியும் கிட்டில் உண்டு.

பொதுச் சொத்தின் பராமரிப்பு

காரணம் தெரிந்தபின் மூன்று தவறான வழிகள் மாணவரை அழைக்கும். சோதனையை அழித்துவிடுவது ஒன்று. நிரல் தரும் தவறான விடையையே ‘எதிர்பார்த்த விடை’ என்று சோதனையில் எழுதிவிடுவது இரண்டு. காரணம் சொல்லாமல் சோதனையைத் தவிர்ப்பது மூன்று. வேலையின்மை விகிதம் உயர்ந்தால் கணக்கெடுப்பை நிறுத்திவிடும் அரசுக்கு இதில் ஒப்புமை உண்டு. தவிர்க்கவே வேண்டிய நேரமும் வரலாம்: இணைய இணைப்பு இல்லாத கணினியில் இணையம் வேண்டும் சோதனையை ஓட்ட இயலாது. அப்போது எதை, ஏன் தவிர்த்தோம் என்ற குறிப்பை எழுதி வைப்பதே நேர்மை.

சரியான வழி, கண்டதை மென்பொருளின் பராமரிப்பாளர்களுக்குத் தெரிவிப்பது. நல்ல வழு அறிக்கைக்கு வேண்டியவை சிலவே: மென்பொருளின் பதிப்பு, லினக்ஸ் வகையும் அதன் பதிப்பும், இயக்கிய கட்டளைகள் வரிசையாக, எதிர்பார்த்த விடை, வந்த விடை, முழுப் பதிவுக் கோப்பு, எந்த ஒரு மாற்றத்தில் சோதனை தேறியது என்ற குறிப்பு. ‘ஓடவில்லை, உதவுங்கள்’ என்பது அறிக்கை அன்று. திருத்தத்தையும் சேர்த்து அனுப்ப முடிந்தால் மிக நன்று. இயலாவிட்டாலும் அறிக்கையே பெரும் உதவி.

இதில் ஒரு பொருளியல் சிக்கல் உண்டு. அறிக்கை எழுத ஒரு மாலைப்பொழுது ஒருவருக்குச் செலவாகிறது. பலனோ உலகெங்கும் உள்ள பயனர் அனைவருக்கும். செலவு ஒருவருடையது, பலன் எல்லோருடையது என்னும் பொதுச் சொத்துகளில், ‘வேறு யாராவது செய்வார்கள்’ என்று ஒவ்வொருவரும் காத்திருப்பது இயல்பு. இதை நம் ஊர்கள் அறியும். ஏரிக்கரையில் நீர் கசிவதைக் கண்டவர் ஊருக்குச் சொல்ல வேண்டும் என்பதும், ஊர் கூடிக் குடிமராமத்துச் செய்ய வேண்டும் என்பதும் அந்தச் சிக்கலுக்கு நம் முன்னோர் கண்ட தீர்வு. குறிஞ்சிப்பாடி வட்டாரத்தில் பெருமாள் ஏரிப் பாசனத்தை நம்பி வாழ்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கசிவைக் கண்டவர் பேசாமல் போனால் கரை உடையும் நாளில் அவர் வயலும் சேர்ந்தே மூழ்கும்.

தமிழ் விஷயத்தில் ‘வேறு யாராவது’ என்பவர் இல்லை. ஜெர்மானியரோ ஜப்பானியரோ தம் மொழியில் தோற்கும் சோதனைகளைத் தாமே கண்டு திருத்திக்கொள்வார்கள். கொள்ளிடம் இரண்டாகத் தெரிவதை முதலில் காணும் வாய்ப்பு நமக்கே உண்டு. நம் மாணவர் அதைத் தவிர்த்து நிறுவினால், அந்தப் பிழை நெடுங்காலம் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும்.

தமிழக அரசு 2011இல் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது, அக்கணினிகளில் விண்டோஸுடன் சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இடம்பெற்றது. கருவியும் கையில் வந்தது, மூலநிரலும் திறந்தே இருந்தது. ஆனால் அதைத் திறந்து பார்க்கும் பழக்கத்தைப் பாடத்திட்டம் தரவில்லை. அந்த வேலையைத் தன்னார்வலர்கள் செய்து வருகிறார்கள். திறந்த மூலத் தொழில்நுட்பங்களைத் தமிழில் எழுதிவரும் கணியம், கிராமப்புற மாணவர்களுக்கு வகுப்பு நடத்தும் விழுப்புரம் குனு லினக்ஸ் பயனர் குழு ஆகியவை குறிப்பிடத்தக்கவை. கல்லூரிகள் அவர்களோடு கைகோக்கலாம்.

செய்யக்கூடியவை கடினமானவை அல்ல. இறுதியாண்டுத் திட்டப்பணியாக, ஒரு திறந்த மூல மென்பொருளைத் தொகுத்து, தோற்ற ஒரு சோதனையின் காரணத்தைக் கண்டறிந்து, பராமரிப்பாளர்கள் ஏற்கும் அறிக்கை எழுதியதைப் பல்கலைக்கழகங்கள் ஏற்கலாம். பொருளியல், வணிகவியல் மாணவர்கள் தாம் பயன்படுத்தும் புள்ளியியல் மென்பொருளில் லாங்லியின் தரவை ஓட்டி, சான்றளிக்கப்பட்ட விடையோடு ஒப்பிட்டுப் பழகலாம். ஒரு வகுப்பு நேரம் போதும். அரசுத் துறைகள் மென்பொருள் வாங்கும் ஒப்பந்தங்களில், தமிழ்ப் பெயர்களைக் கொண்ட சோதனைகள் தேற வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்க்கலாம். அந்தப் பட்டியலில் கொள்ளிடமும் ஸ்ரீமுஷ்ணமும் குள்ளஞ்சாவடியும் இருக்கட்டும். இம்மூன்று பெயர்களையும் பிழையின்றிக் கையாளும் மென்பொருள், பெயர் பொருந்தவில்லை என்று சொல்லி எந்த மூதாட்டியையும் எளிதில் திருப்பி அனுப்பாது.

(கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் - ஓய்வு, குள்ளஞ்சாவடி.)